குழந்தையின் காப்பும் பெற்றோரின் குரலும்

1947-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி பி.பி.சி. வானொலியில் ஒரு சிறு நாடகம் ஒலிபரப்பாயிற்று. ராஜமாதா மேரியின் 80-வது பிறந்த நாளை முன்னிட்டு, அவருடைய விருப்பத்திற்கிணங்க, துப்பறியும் கதைகளால் உலகப் புகழ் பெற்ற அகதா கிறிஸ்டி எழுதிக்கொடுத்தது அது. மூன்று குருட்டு எலிகள் என்பது அதன் பெயர். பின்னர் அதுவே விரிவு பெற்று, எலிப்பொறி என்னும் பெயருடன் 1952-ல் லண்டன் மேடை ஏறியது. மேடை நாடகங்களில் அதைப் போல் நெடுங்காலம் நடைபெற்று வருவது வேறில்லை. கொலைகாரன் யார் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்று ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் ரசிகர்களைக் கேட்டுக்கொள்வார்கள். நாமும் அதைச் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தக் கதைக்கு வித்தாக அமைந்த உண்மை நிகழ்ச்சியை மறைக்க வேண்டிய அவசியம் ஏதுமில்லை.

நாடகம் ஒலிபரப்பாவதற்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்கு முன், 1945 ஜனவரி 9-ஆம் தேதி, இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியிலுள்ள தனித்த பண்ணை வீடொன்றில் டென்னிஸ் ஓநீல் என்னும் 12 வயதுச் சிறுவன் மாண்டான். பட்டினியாலும் அடியாலும் நேர்ந்த மரணம் அது. அவன் அந்த வீட்டுப் பிள்ளையல்ல. பெற்றோர் சரிவரப் பேணவில்லை என்ற காரணத்தால் நீதிமன்றம் அவனையும் அவனுடன் பிறந்தாரையும் பிரித்து, நியூபோர்ட் நகர சபையின் பொறுப்பில் ஒப்படைத்திருந்தது. சபை 1944 கோடையில் அவனையும் அவன் தம்பியையும் அந்தப் பண்ணைக்காரரிடம் வளர்ப்புப் பிள்ளைகளாக அனுப்பி வைத்தது. பண்ணைக்காரருக்கு ஆறு ஆண்டுச் சிறைத் தண்டனையும், அவர் மனைவிக்கு ஆறு மாதத் தண்டனையும் கிடைத்தன.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெற்ற தாய் தந்தையர் தகுதியற்றவர்கள் என்று தீர்மானித்தது அரசாங்கம். அப்படித் தீர்மானித்துப் பிள்ளையைப் பெற்றுக்கொண்ட அதே அரசாங்கம், பிறகு அவனைப் போய்ப் பார்க்கவில்லை. நியூபோர்ட் நகர சபைக்கும் ஷ்ராப்ஷயர் கவுண்டிக்கும் இடையே, பிள்ளையைக் கண்காணிப்பது யார் என்ற குழப்பம் நிலவியது. 1944 டிசம்பர் 20-ஆம் தேதி, நகர சபையின் பெண் குமாஸ்தா ஒருவர் பண்ணைக்குச் சென்றார். இத்தகைய பணியில் எவ்விதப் பயிற்சியும் பெறாதவர் அவர். எனினும் கண்டதைக் கண்டபடி எழுதி, பிள்ளைகளை அங்கிருந்து உடனே அகற்ற வேண்டும் என்று தெரிவித்தார். அதன் பிறகு இருபது நாட்கள் கழிந்தன, யாரும் போகவில்லை. பயிற்சியற்ற அந்தப் பெண்மணியின் கண்ணுக்குப் பட்டது, மேசையில் இருந்தவர்களின் கருத்துக்குப் படாமற் போயிற்று.

ஒரு வீட்டிலுள்ள குழந்தைக்கு ஆபத்து உண்டா இல்லையா என்பதை நிர்ணயிப்பது எவ்வாறு? அதை நிர்ணயிக்கும்போது பெற்றோரை எங்கே வைப்பது? சென்ற நூற்றாண்டின் பிற்பாதி முழுவதும் இங்கிலாந்தை வருத்திய கேள்விகள் இவை. அங்கே குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கும் முதற் சட்டம் 1889-ல் நிறைவேறியது. பிராணிகளைக் கொடுமையினின்று காக்கும் சங்கம் 1824-லேயே தோன்றிவிட்டது. குழந்தைகளைக் காக்கும் லண்டன் சங்கம் பிறந்ததோ 1884-ல். குதிரைக்குக் கிடைத்த காப்பு குழந்தைக்குக் கிடைக்க அறுபது ஆண்டுகள் சென்றன. சங்கத்தின் சீருடை அணிந்த இன்ஸ்பெக்டர் தெருவில் வந்தால், கொடுமைக்காரர் வருகிறார் என்று ஏழை மக்கள் அவருக்கே அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஆயினும் பெரும்பாலான வழக்குகளில் அவர் செய்தது எச்சரிக்கையும் அறிவுரையுமே; நீதிமன்றம் வரை சென்றவை சிலவே.

டென்னிஸின் மரணம் நாட்டை உலுக்கியது. அதற்கு முன்பே, 1944 ஜூலையில், ஹர்ட்வுட் ஆலன் சீமாட்டி லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, பெற்றோரற்றும் வீடற்றும் விடுதிகளில் வளரும் குழந்தைகளின் நிலையை விசாரிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். ஸர் வால்டர் மாங்க்டன் டென்னிஸ் விஷயத்தைத் தனியே விசாரித்து 1945-ல் அறிக்கை தந்தார். கேம்பிரிட்ஜ் நியூன்ஹாம் கல்லூரியின் தலைவி மைரா கர்ட்டிஸ் தலைமையில் அமைந்த கமிட்டி 1946-ல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் பயனாக 1948-ல் குழந்தைகள் சட்டம் வந்தது. ஒவ்வொரு ஸ்தல ஸ்தாபனமும் குழந்தைகளுக்கென்று தனி அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும் என்று அது விதித்தது. பல பேர் கையில் சிதறிக் கிடந்த பொறுப்பு ஒருவர் பெயரில் வந்து சேர்ந்தது. இப்பணிக்கென்றே பல்கலைக்கழகங்களில் பயிற்சி வகுப்புகளும் தொடங்கின.

அச்சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிள்ளையின் நலனுக்கு ஒத்ததாயின், அவனைப் பெற்றோரிடமோ உறவினரிடமோ திரும்பச் சேர்க்க அதிகாரிகள் முயல வேண்டும் என்பது அது. பழைய ஏழையர் சட்டத்தின் மனப்பான்மை இதற்கு நேர் மாறானது. கெட்ட பெற்றோரிடமிருந்து பிள்ளையை மீட்டால் போதும், பிறகு அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை என்பதே அதன் போக்கு. 1963-ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. குழந்தையைப் பிரிக்க வேண்டிய நிலையே வாராதபடி குடும்பத்துக்கு ஆலோசனையும் உதவியும் அளிக்கலாம், அசாதாரண நிலைகளில் ரொக்கமாகவே கொடுக்கலாம் என்று அது அனுமதித்தது. வாடகை பாக்கிக்காக வீட்டை விட்டு வெளியேற்றப்படும் தாய்க்கு, அவள் பிள்ளைகளை விடுதியில் வைத்துக் காப்பதைவிட, வாடகையைக் கட்டிவிடுவது நல்லதல்லவா? கணக்குப் பார்த்தாலும் அதுவே மலிவு.

இந்த நல்லெண்ணத்துக்கு மறுபுறமும் ஒன்று இருந்தது. அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்கள் டாக்டர்கள். சிறு குழந்தைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்த ஜான் காஃபி என்னும் அமெரிக்க நிபுணர், தலையில் ரத்தக் கசிவுள்ள சில குழந்தைகளுக்குக் கை கால் எலும்புகளிலும் முறிவுகள் இருப்பதை 1946-ல் எடுத்துக் காட்டினார். அடி பட்டதாகப் பெற்றோர் யாரும் சொல்லவில்லை. பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1962-ல், டென்வர் நகரின் ஹென்றி கெம்ப்பும் அவருடைய சகாக்களும் விஷயத்தை வெளிப்படையாகவே எழுதினார்கள்: இவை பெரும்பாலும் வீட்டிலுள்ளோர் கையால் நேர்ந்த காயங்கள் என்று. தாய் தந்தையர் சொல்லும் விவரமும் காயத்தின் தன்மையும் ஒத்துவருகின்றனவா என்று பார்க்கும் வழக்கம் மருத்துவமனைகளில் வேரூன்றியது அது முதல்தான்.

இங்கிலாந்து இந்தப் பாடத்தைக் கசப்பாகவே கற்றது. மரியா கோல்வெல் என்னும் சிறுமி, பிறந்த சில மாதங்களிலேயே தந்தையை இழந்து, அத்தை வீட்டில் வளர்ந்தாள். தாய் மறுமணம் செய்துகொண்டு குழந்தையைத் திரும்பக் கேட்டாள். 1971-ல், ஆறு வயதில், மரியா தாயிடம் அனுப்பப்பட்டாள். அவள் போக விரும்பவில்லை, அழுதாள், ஓடிப் போய் அத்தையிடமே சேர்ந்தாள். தாயின் மனு நீதிமன்றத்துக்கு வந்தபோது ஸ்தல ஸ்தாபனம் அதை எதிர்க்கவில்லை. தாய் ஒரு தரப்பு, ஸ்தாபனம் மறு தரப்பு, இரண்டும் ஒன்றுபட்டுவிட்டன; குழந்தையின் தரப்பில் பேச அங்கு ஒருவரும் இல்லை. பிறகு அண்டை வீட்டாரும் ஆசிரியையும் பன்முறை முறையிட்டும், அவரவர் அறிந்தது அவரவரிடமே தங்கிவிட்டது. 1973 ஜனவரியில், பிரைட்டன் நகரில், மாற்றாந் தந்தையின் அடிகளால் அவள் உயிர் துறந்தாள். வயது ஏழு.

1974-ல் வெளியான விசாரணை அறிக்கை, செய்திகள் ஓரிடத்தில் சேராததையே பெருங்குறையாகக் கண்டது. விசாரணைக் குழுவில் இருந்த சமூகப் பணிப் பேராசிரியை ஆலிவ் ஸ்டீவன்சன் சில விஷயங்களில் மாறுபட்டுத் தம் கருத்தைத் தனியே எழுதினார். நடந்து முடிந்த பின் தெளிவாகத் தெரியும் ஒன்றை, நடக்கும்போதே தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்வது எளிது. அந்த எளிமைக்கு உடன்படாத ஒருவரேனும் இத்தகைய குழுவில் இருப்பது நல்லதென்றே எனக்குத் தோன்றுகிறது. 1975-ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய வழக்குகளில் பெற்றோரினின்றும் வேறாகக் குழந்தையின் சார்பில் பேசத் தனி ஒருவரை நியமிக்க வழி செய்தது.

1974 ஏப்ரலிலேயே அரசாங்கம் சுற்றறிக்கை ஒன்றை அனுப்பியிருந்தது. டாக்டர், போலீஸார், ஆசிரியர், வீடு தேடிச் செல்லும் நர்ஸ், சமூகப் பணியாளர் ஆகியோர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து, குழந்தையைப் பற்றித் தாம் அறிந்ததைச் சொல்லி முடிவு காண வேண்டும் என்று கூறியது அது. இதுவே ஆலோசனைக் கூட்டம் எனப் பெயர் பெற்றது. ஆபத்துக்கு இலக்கான குழந்தைகளின் பதிவேடும் ஏற்பட்டது. மேசையைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். பெற்றோர் மட்டும் இல்லை. தம் பிள்ளையைப் பற்றிக் கூட்டம் நடந்தது என்பதையே பல பெற்றோர் முடிவு வந்த பின்தான் அறிந்தனர். தம்மைப் பற்றி என்ன சொல்லப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியாது. தவறாகச் சொல்லப்பட்டிருந்தால் திருத்தவும் வழியில்லை.

ஆனால் பெற்றோரோடு உறவாடிய பணியாளர்களும் வேறு விதத்தில் இடறினர். 1984-ல் லண்டனின் பிரெண்ட் பகுதியில் ஜாஸ்மின் பெக்ஃபோர்டு என்ற நாலு வயதுக் குழந்தை இறந்தது. ஸ்தல ஸ்தாபனத்தின் பொறுப்பில் இருந்துகொண்டே, சோதனை முறையில் பெற்றோர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட குழந்தை அது. லூயி புளோம்-கூப்பர் தலைமையிலான விசாரணை 1985-ல் கூறிய குறை இது: பணியாளர்கள் தாய் தந்தையரையே தம் பராமரிப்புக்கு உரியவர்களாகக் கருதினர், குழந்தை அவர்கள் பார்வையினின்று நழுவிவிட்டது. வீட்டுக்குச் சென்றால் தாய் தேநீர் தருகிறாள்; வீடு துப்புரவாக இருக்கிறது; குழந்தை தூங்குகிறது அல்லது பாட்டி வீட்டுக்குப் போயிருக்கிறது என்கிறார்கள். நல்லது என்று திரும்பிவிடுகிறோம். பெற்றோரைப் பற்றி எதையும் நல்லவிதமாகவே எடுத்துக்கொள்ளும் இந்தப் போக்கை ஆராய்ச்சியாளர் சிலர் 1983-லேயே நூல் எழுதிச் சுட்டிக் காட்டியிருந்தனர்.

இதன் பின் ஊசல் மறுபுறம் ஆடியது. 1987-ல் வட இங்கிலாந்தின் கிளீவ்லாந்து கவுண்டியில், மிடில்ஸ்பரோ மருத்துவமனையில், சில மாதங்களுக்குள் 121 குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு உள்ளானவர்கள் என்று இரு குழந்தை மருத்துவர்கள் முடிவு கூறினர். போலீஸ் டாக்டர் அதை ஏற்கவில்லை. சமூகப் பணித் துறையோ அம்முடிவை அப்படியே ஏற்று, குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தது. அப்போதிருந்த சட்டப்படி ஒரே ஒரு மாஜிஸ்திரேட்டு, தம் வீட்டிலிருந்தபடியே, இரவிலும்கூட, பெற்றோரை விசாரிக்காமல் உத்தரவு பிறப்பிக்கலாம். அந்த உத்தரவு 28 நாட்கள் வரை செல்லும். அதன் மேல் அப்பீல் கிடையாது. ஏதோ நோய்க்கு மருந்து வாங்கப் பிள்ளையைக் கொண்டுவந்த தாய், பிள்ளையின்றி வீடு திரும்பினாள். பிள்ளையைக் காண்பதற்கே அனுமதி மறுக்கப்பட்டோர் உண்டு. மருத்துவமனை வார்டுகள் நிரம்பி வழிந்தன. அப்பகுதிப் பார்லிமெண்டு அங்கத்தினர் ஸ்டூவர்ட் பெல் பெற்றோர் பக்கம் நின்று வாதாடினார்.

நீதிபதி எலிசபெத் பட்லர்-ஸ்லாஸ் விசாரித்து 1988-ல் அளித்த அறிக்கை பொறுமையும் நடுநிலையும் வாய்ந்தது. எத்தனை குழந்தைகள் உண்மையில் கொடுமைக்கு உள்ளானார்கள் என்று அவர் தீர்ப்புக் கூறவில்லை. கொடுமையே நடக்கவில்லை என்றும் கூறவில்லை. உடற் குறி ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டியதையும், ஐயம் தோன்றியவுடனே பிரித்துவிடும் அவசரத்தையும் கண்டித்தார். மேன்மேலும் மருத்துவப் பரிசோதனைக்கும் கேள்விகளுக்கும் உள்ளாக்கி, குழந்தையை ஆய்வுக்குரிய ஒரு பொருளாக்கிவிடக் கூடாது, அதுவும் ஓர் ஆள் என்பதை வற்புறுத்தினார். பெற்றோருக்கு நடப்பது என்ன என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்; குழந்தையின் நலனை முறையாக ஆராய அவர்கள் வருகை தடையாக இருந்தாலன்றி, ஆலோசனைக் கூட்டத்துக்கு அவர்களை அழைக்க வேண்டும் என்றார்.

1989-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் இந்த மரணங்களையும் இந்த அறிக்கைகளையும் பின்னணியாகக் கொண்டு பிறந்தது. 1991 அக்டோபர் 14 முதல் அமலுக்கு வந்தது. தாய் தந்தையருக்கு உரிமை என்று முன்னர் பேசப்பட்டதை அது பொறுப்பு என்று பெயர் மாற்றியது. பிள்ளையை ஸ்தல ஸ்தாபனம் எடுத்துக்கொண்டாலும் அப்பொறுப்பு அவர்களை விட்டு நீங்குவதில்லை. ஆகவே எடுத்துக்கொண்ட பிறகும் அவர்களைக் கலந்தே செய்ய வேண்டும். குழந்தைக்குக் குறிப்பிடத்தக்க கேடு நேர்கிறது அல்லது நேரக்கூடும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், விசாரிப்பது பணியாளரின் கடமை. அவசரப் பாதுகாப்பு உத்தரவின் காலம் 28 நாட்களிலிருந்து 8 நாட்களாகக் குறைந்தது. தேவையானால் ஒரு முறை மட்டும் 7 நாட்கள் நீட்டலாம். உத்தரவை நீக்கும்படி பெற்றோர் நீதிமன்றத்தை அணுகவும் வழி பிறந்தது. உத்தரவு இடுவது, இடாமலிருப்பதைவிடக் குழந்தைக்கு நல்லது என்று தெரிந்தாலன்றி நீதிமன்றம் உத்தரவிடலாகாது என்ற விதி, என் கருத்தில், இச்சட்டத்தின் சிறந்த வாசகம்.

நடைமுறையில் பணியாளர் செய்வது என்ன? ஐயம் இன்னது என்பதைப் பெற்றோரிடம் சுற்றி வளைக்காமல் சொல்கிறார். சொல்வதால் குழந்தைக்கே ஆபத்து நேருமென்றால் மட்டும் தாமதிக்கிறார். குழந்தையைத் தனியே கண்டு பேசுகிறார். அது உறங்கும் இடத்தைப் பார்க்கிறார். பள்ளியிலும் டாக்டரிடமும் கேட்டறிகிறார். காயத்துக்குத் தரப்படும் காரணம் முதல் நாள் ஒன்றும் மறுநாள் ஒன்றுமாக மாறுகிறதா என்று பார்க்கிறார். 2000-ஆம் ஆண்டில் வெளியான அரசாங்க வழிகாட்டி இதை முக்கோணமாக வரைந்து காட்டிற்று: ஒரு பக்கம் குழந்தையின் வளர்ச்சித் தேவைகள், மறு பக்கம் அவற்றை நிறைவேற்றும் பெற்றோரின் திறன், அடிப்பக்கம் குடும்பத்தின் சூழ்நிலையும் வருவாயும் சுற்றமும். தாய் அடித்தாளா என்று மட்டும் கேட்டால் போதாது. அவளுக்குத் துணை யார், அவள் குடியிருப்பது எப்படிப்பட்ட இடம் என்பனவும் சேர்ந்தே கணக்கில் வர வேண்டும். ஆலோசனைக் கூட்டத்துக்கு முன்பே அறிக்கையைப் பெற்றோர் படித்துப் பார்க்கிறார்கள். தாம் உடன்படாத இடத்தைக் கூட்டத்தில் சொல்கிறார்கள். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம். பத்துப் பன்னிரண்டு அதிகாரிகள் நடுவே ஒரு தாய் அமர்ந்து தன் வீட்டைப் பற்றிப் பிறர் பேசக் கேட்பது எளிதன்று. ஆனால் அவள் இல்லாத அறையில் சொல்லத் துணிந்த சில சொற்கள், அவள் இருக்கும் அறையில் சொல்லப்படுவதில்லை. அதுவே ஒரு லாபம்.

எல்லாம் சீராகிவிட்டதா என்றால், இல்லை. 1995-ல் தொகுத்து வெளியான ஆராய்ச்சிகளின்படி, இங்கிலாந்தில் ஆண்டுக்குச் சுமார் 1,60,000 புகார்கள் வந்தன; பதிவேட்டில் ஏறியவை சுமார் 24,500 பெயர்களே. இடையில் நின்றுபோன ஏராளமான குடும்பங்கள் விசாரணையின் வேதனையை அனுபவித்தன. உதவி ஏதும் பெறாமலே பல திரும்பின. கேடு உண்டா என்று துருவியவர்கள், குறை என்ன என்று கேட்க மறந்தார்கள்.

விக்டோரியா கிளிம்பியே விஷயம், மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட என் மனத்தை விட்டு அகலாதது. ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் பிறந்த அச்சிறுமியை, தந்தை வழியில் பாட்டி முறையாகும் உறவினர் ஒருவர், நல்ல படிப்புத் தருவதாகச் சொல்லி அழைத்துச் சென்றார். பிரான்சு வழியாக 1999-ல் லண்டன் சேர்ந்தனர். விக்டோரியாவைத் தம் மகள் என்றே அந்த மாது சொல்லிவந்தார். மருத்துவமனையில் காயங்களைக் கண்டபோது, சொறியினால் தானே கீறிக்கொண்டாள் என்றார். குழந்தையின் மொழி பிரெஞ்சு. அவளைத் தனியே அமர்த்தி, அவள் மொழியில், என்ன நடந்தது என்று அறிந்துகொள்ள உரிய முயற்சி நடைபெறவில்லை. 2000 பிப்ரவரி 25-ஆம் தேதி, எட்டு வயதில், அவள் இறந்தாள். அவளைக் காத்திருக்கக்கூடிய வாய்ப்புகள் பன்னிரண்டு இருந்தன என்று லேமிங் பிரபு 2003-ல் எண்ணிக் காட்டினார். அவருடைய 108 பரிந்துரைகளில் ஒன்று: தாய்மொழி ஆங்கிலம் அல்லாத குழந்தையோடு அதன் பாதுகாப்புக் குறித்துப் பேசும்போது மொழிபெயர்ப்பாளரை அமர்த்தியே தீர வேண்டும் என்பது. பெரியவர் சொல்லைக் கேட்டோம், அதுவே குழந்தையின் சொல்லும் ஆகும் என்று இருந்துவிட்டதன் விலை அது.

நம் நாட்டிலும் இத்துறைக்கு நூறாண்டு கடந்த வரலாறு உண்டு. மாகாணங்களுள் முதன்முதலாகக் குழந்தைகள் சட்டம் இயற்றியது சென்னை, ஆண்டு 1920. 2015-ஆம் ஆண்டு மத்திய சட்டத்தின்படி, பராமரிப்பும் காப்பும் தேவைப்படும் குழந்தையை, பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். குடும்ப நிலையைப் பற்றிய சமூக விசாரணை 15 நாட்களில் முடிய வேண்டும். குழந்தையைப் பேணும் முதற்பொறுப்பு குடும்பத்துடையது, விடுதி வேறு வழி இல்லாதபோதே என்பன சட்டம் கூறும் கொள்கைகள். பாலியல் குற்றங்களினின்று குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டமோ, குழந்தையின் வாக்குமூலத்தை அது சொல்லுகிறபடியே எழுத வேண்டும் என்கிறது. தேவையானால் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளலாம். போலீஸ் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. உடன் இருக்க வேண்டியவர் பெற்றோர், அல்லது குழந்தையின் நம்பிக்கைக்கு உரிய வேறு எவரேனும்.